டீச்சர் பிள்ளை சோறு தின்னாது

ஜூன் 2, திங்கள்

டாக்டரம்மா என்னை நோட்டு போடச் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு என்ன கொடுத்தேன், எத்தனை வாய் இறங்கியது, எத்தனை புட்டிப் பால் போனது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம்.

என்னிடம் சொல்கிறார்! ஒன்பது வருஷமாக அங்கன்வாடி டீச்சராக இருந்து, இருபத்து மூன்று தாய்மார்களிடம் 'ஆறு மாசம் முடிஞ்சா இணை உணவு' என்று தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். டாக்டரம்மாவுக்கு இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். அவர் அறைச் சுவரில் கண்ணும் வாயும் வைத்த கேரட் ஒன்று சிரிக்கிறது. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடிப் போய்ச் சோறு தின்றுவிடும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

என் மகள் பெனிட்டாவுக்கு ஒரு வயது ஏழு மாசம். எடை ஏழு கிலோ தொள்ளாயிரம். ரத்தம் எட்டு. டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெளுத்துப் போயிருக்கா. ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் பால்?" என்றார்.

"நாலு," என்றேன்.

என் வீட்டுக்காரர் ஞானதாஸ் பக்கத்தில் நின்று இருமினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆள். எதை எங்கே இறக்கி வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? "ஏழு இருக்கும் டாக்டர்," என்றார்.

"மூணாக் குறைங்க. வயித்துல பால் நிறைஞ்சிருந்தா சோறு எங்க போகும்? சத்தும் சேராது, ரத்தமும் ஏறாது. பசிச்சா தன்னால வாயத் திறப்பா."

தன்னால திறப்பாளாம். இந்த ஒரு வரிக்குத்தான் ஒன்றரை மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

நோட்டு வாங்கியாயிற்று. அவருக்குக் காட்டத் தனியாக ஒரு தாள் எழுதிக்கொள்வேன். படிவம் நிரப்புவதில் எனக்கு அனுபவம் உண்டு. இது எனக்கு.

ஜூன் 3, செவ்வாய்

காலை: கேழ்வரகுக் கூழ், துணியில் வடிகட்டியது. மூன்று கரண்டி. ஒன்று என் சேலையில், ஒன்று சுவரில், ஒன்று பெனிட்டாவின் காதுக்குள்.

மத்தியானம்: பருப்புச் சோறு, மிக்ஸியில் அடித்து வடிகட்டியது. வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம்: ஆப்பிளை வேகவைத்து, மசித்து, வடிகட்டி. நாக்கில் பட்டதும் குமட்டினாள். உடனே எடுத்துவிட்டேன்.

பால்: மூன்று.

யூடியூபில் ஒருத்தி வருகிறாள். பிள்ளைக்குத் தட்டில் யானை வடிவத்தில் இட்லி, புதினாவில் காடு, பீட்ரூட்டில் சூரியன். அவள் பிள்ளை யானையின் தும்பிக்கையைக் கடித்துவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தக் காட்டை வெட்டிச் செதுக்குகிற நேரத்தில் நான் இருபது பிள்ளைகளுக்குக் கால் கழுவி, முட்டை உரித்து, பாயில் படுக்கவைத்துவிடுவேன்.

ஜூன் 4, புதன்

வாழைப்பழம். வடிகட்டியது. பூஜ்யம். பால் மூன்று.

ஜூன் 6, வெள்ளி

மையத்தின் பின்னால் ஸ்டோர் ரூம் இருக்கிறது. சத்துமாவு மூட்டைகளுக்கும் உடைந்த மரக்குதிரைக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். பெனிட்டா பால் குடிப்பது அங்கேதான். அந்த நேரத்தில் எங்கள் ஆயா இசக்கியக்கா வாசலில் நின்று அரிசி புடைப்பாள். புடைக்க அரிசி இல்லாவிட்டாலும் வெறும் சுளகை வைத்துப் புடைப்பாள்.

இன்று ஒருத்தி கேட்டாளாம்: "டீச்சர் எங்க?"

"ஸ்டாக் எண்ணுதாவ," என்றாளாம் இசக்கியக்கா.

"தினமும் மூணு வாட்டியா?"

வேலையற்றவர்கள். அவரவர் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட நேரமில்லை, என் ஸ்டாக் கணக்கு மட்டும் வேண்டும்.

பெனிட்டா எட்டாம் மாசத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டியில் முப்பத்திரண்டு நாள் இருந்தாள். அதற்குள் எனக்குப் பால் வற்றிவிட்டது. டப்பாப் பால் டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் ஆரம்பித்தேன். இதை ஒவ்வொருத்தியிடமும் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஜூன் 10, செவ்வாய்

எடை போடும் நாள்.

முப்புடாதி வந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். மூன்றாவது பிள்ளை சுடலைமணிக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. அவனுக்குக் காலைச் சாப்பாடு என்ன என்றால், கடுங்காப்பியில் நனைத்த வருக்கி. கூச்சமே இல்லாமல் சொல்லுவாள். தராசில் ஏற்றினேன். எட்டு அறுநூறு. வளர்ச்சிப் படத்தில், எடை குறைந்த பிள்ளைகளின் மஞ்சள் கோட்டுக்குள் விழுந்தது.

"பாத்தியா? மஞ்சள்ல இருக்கான். வருக்கி போட்டு வளத்தா இப்படித்தான். நீ என்ன தாயி?" என்றேன். மற்றவர்கள் முன்னால்தான் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் உறைக்கும்.

முப்புடாதி பிள்ளையை இறக்கிப் பக்கத்தில் நிறுத்தினாள். "உங்க பிள்ளையையும் ஏத்துங்க டீச்சர். நாங்களும் பாக்கோம்."

"அவளுக்கு வீட்டுலயே எடை போட்டாச்சு."

"எவ்வளவு?"

"ஒம்பதே கால்."

பெனிட்டா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சுடலைமணி. அவனைவிட ஒரு சாண் குட்டை, குச்சிக் கை. பத்துப் பெண்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு சுவரில் இருந்த வளர்ச்சிப் படத்தைப் பார்த்தார்கள். ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மரியாதை காட்டினார்கள்.

போன மாசம் ஆபீஸ் போனில் ஒன்பது இருநூறு என்று ஏற்றியிருந்தேன். தராசு அன்றைக்குச் சரியில்லை. இன்றைக்கு ஒன்பது இருநூற்றைம்பது என்று ஏற்றினேன். இன்றைக்கும் தராசு சரியில்லை.

ஜூன் 11, புதன்

இட்லி, பாலில் கரைத்து வடிகட்டியது. அரைக் கரண்டி உள்ளே போயிற்று. அப்படியே வெளியே வந்தது. பால் மூன்று.

ஜூன் 13, வெள்ளி

ஞானதாஸ் பால்மாவு டப்பாவை ஆட்டிப் பார்த்தார். "மூணு பாட்டில்னா இது இருபதாம் தேதி வரைக்கும் வரணும். காலியாயிருக்கு."

"கொட்டிட்டு."

"முக்கா டப்பாவா?"

"ஆமா. கை தவறி."

தரையைக் குனிந்து பார்த்தார். துப்பறிகிறாராம்.

ஜூன் 16, திங்கள்

ஞானதாஸுக்கு டியூட்டி இல்லாத நாள். ஊட்டுவதை நான் பார்க்கிறேன் என்று எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். கிரேனுக்குள் தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து, யாரையாவது கண்காணிக்கும் ஆசை வந்துவிட்டது போல.

பூசணிக்காயை மசித்து வடிகட்டி வைத்திருந்தேன். கரண்டியை எடுத்தேன்.

"நில்லு," என்றார். "சுகிர்தா, உன் மூஞ்சியப் பாரு."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"நீ சாப்பாடு கொடுக்க மாதிரியா இருக்கு? விஷம் கொடுக்கப் போற மாதிரி இருக்கு. அவ வாயத் திறந்தா உனக்கு உயிர் போகுது. அவ மூடுனா பெருமூச்சு விடுத. வாயத் திறக்கணுமா வேண்டாமான்னு அவ உன்னப் பாத்துத்தான முடிவு பண்ணுவா?"

"நீங்க ஊட்டுங்களேன்."

கரண்டியை வாங்கினார். அதே பூசணியை வடிகட்டாமல் ஒரு துண்டு எடுத்து விரலால் நசுக்கினார். பெனிட்டா வாயை லேசாகத் திறந்தாள். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். கரண்டி பீரோவுக்கு அடியில் போய் விழுந்தது. பிள்ளை வீறிட்டாள்.

பால்: மூன்று என்று எழுதியிருக்கிறேன். ஆறு. எல்லா நாளும் ஐந்து, ஆறு. எழுதித் தொலைத்துவிட்டேன். டாக்டரம்மாவுக்கா காட்டப்போகிறேன்?

ஜூன் 17, செவ்வாய்

இசக்கியக்கா இன்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "டீச்சர், ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியளே? கரண்டி பிள்ள வாய்க்குப் போக முன்னாலேயே உங்க இடது கை அவ முதுகுல போயிருது. தட்டுததுக்கு ரெடியா."

எல்லாருக்கும் கண் என் மேல்தான்.

சரி, எழுதுகிறேன்.

பெனிட்டாவுக்குப் பதினோரு மாசம் இருக்கும்போது சாப்பிட்டாள். கூழ், இட்லி, சோறு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். ஒரு நாள் காலையில் ஒரு துண்டு ஆப்பிளைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். தாய்மார்கள் குழுவுக்குப் போனில் பேசி அனுப்ப வேண்டியிருந்தது. 'பிள்ளை சாப்பிடும்போது பக்கத்தைவிட்டு நகரக் கூடாது, தனியா விட்டுட்டுப் போகக் கூடாது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமாம், அதையேதான். நல்ல குரல் எனக்கு, எல்லாரும் சொல்வார்கள். ஒரு நிமிஷம் இருபது விநாடி பேசினேன்.

திரும்பி வந்தபோது சத்தமே இல்லை. உதடு நீலம். கண் மேலே போயிருந்தது. நான் என்ன செய்தேன்? எத்தனையோ பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள், வாசலில் நின்றேன். நின்றேன், அவ்வளவுதான். குளித்துக்கொண்டிருந்த ஞானதாஸ் ஈரத்தோடு ஓடிவந்து அவளைக் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தார். ஐந்தாவது அறையில் துண்டு வந்து விழுந்தது.

அதற்குப் பிறகு வடிகட்டி வாங்கினேன். புட்டியில் துண்டு கிடையாது.

அவள் சோறு தின்னமாட்டாள் என்று எட்டு மாசமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

முப்புடாதி பத்தாம் தேதிக்குப் பிறகு மையத்துக்கு வரவில்லை. சத்துமாவும் வாங்கவில்லை. ரோஷம். மஞ்சளில் இருக்கிற பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் நான் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் விதி. நாளைக்குப் போக வேண்டும். அவள் படியில் நான் ஏற வேண்டும். நன்றாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் பெனிட்டாவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரே அறை. அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்திருந்தாள். கால் விரல் இடுக்கெல்லாம் உப்பு. நடுவில் ஒரு அகலத் தட்டு, அதில் சோறும் புளிக்குழம்பும் பொரித்த நெத்திலியும். மூன்று பிள்ளைகளும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். சுத்தம், சுகாதாரம் என்று நான் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டியதெல்லாம் எங்கே போயிற்றோ.

பெனிட்டாவைக் கீழே இறக்கிவிட்டேன்.

"ஏன் வரல?" என்றேன்.

"நீ என்ன தாயின்னு கேட்டியளே, அதுக்குப் பதில் யோசிச்சிட்டு இருந்தேன்."

"பிள்ள நல்லதுக்குத்தான சொன்னேன்."

"நல்லதுக்கா? காலைல நாலு மணிக்கு உப்பு வாருத வாரியப் பிடிச்சா பன்னெண்டு மணிக்குத்தான் கைய எடுக்கேன். மூத்தவ ஆறு வயசு, அவதான் காப்பி போட்டுக் கொடுக்கா. அடுப்புல கூழு காச்சுன்னு அவகிட்டச் சொல்லவா? மாவு வாங்குனா மட்டும் போதுமா டீச்சர், கிண்டுததுக்கு ஆளு நீங்க அனுப்புதியளா?"

"அதுக்காக வருக்கியா?"

"ஆமா, வருக்கிதான். எம்பிள்ள மஞ்சளா இருக்கான், ஒத்துக்கிடுதேன். நாலு பேரு முன்னால தராசுல ஏத்துனேன்லா? நீங்க ஏத்துனியளா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் திடீரென்று என் பின்னால் பார்த்தாள். திரும்பினேன்.

பெனிட்டா சுடலைமணிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கை தட்டுக்குள். வாய் முழுக்கச் சோறு. கன்னமெல்லாம் குழம்பு. சுடலைமணி ஒரு கவளம் எடுத்தால் இவளும் ஒன்று எடுக்கிறாள். எத்தனை கவளம் போயிருந்தது என்று தெரியாது. மிக்ஸி இல்லை, வடிகட்டி இல்லை. முழுச் சோறு.

இருமினாள்.

நான் பாய்ந்தேன். முப்புடாதி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். உப்பு அரித்த கை, ரம்பம் மாதிரி இருந்தது. "சத்தம் வருதுல்லா? இருமுதது நல்லது. பொறுங்க."

"விடு! விடுட்டி!"

"பொறுங்க டீச்சர்."

முகம் சிவந்தது. மறுபடியும் இருமினாள். கண்ணில் தண்ணீர். சிவப்புதான், நீலமில்லை. சிவப்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயிலிருந்து இரண்டு பருக்கை வந்து தட்டிலேயே விழுந்தது. சுடலைமணி அதைப் பார்த்து ஹெஹெ என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு கையைத் தட்டுக்குள் விட்டாள்.

முப்புடாதி என் கையை விட்டாள். "பாத்துக்கோங்க, டீச்சர் பிள்ள எங்க வீட்டு எச்சிச் சோறு திங்குது. நெத்திலி வேணுமாம்மா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இந்த ஜென்மத்தில் அவளுக்கு அதைவிட நல்ல வெள்ளிக்கிழமை வரப்போவதில்லை.

அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

ஜூன் 21, சனி

வீட்டில் அதே சோறு, அதே புளிக்குழம்பு. நெத்திலியும் வாங்கிப் பொரித்தேன். மகாராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புட்டியைக் காட்டி அழுதாள். பால் மூன்று. இது உண்மையான மூன்று.

ஞானதாஸிடம் முப்புடாதி வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அடுப்படியில் போய் நின்றுகொண்டு ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார். கேட்டால், வெங்காயம் நறுக்குகிறாராம். வெங்காயமே அங்கு இல்லை.

ஜூன் 23, திங்கள்

ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை இசக்கியக்காவிடம் கொடுத்துவிட்டேன். "நான் கேட்டாலும் தராதிய," என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெனிட்டாவையும் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் உட்காரவைத்தேன். அழுதாள். முழு அரை மணி நேரம். வாசலில் தாய்மார்கள் கூட்டம். ஓசியில் படம் ஓடுகிறதே, விடுவார்களா? ஒருத்தி, "ஸ்டாக் எண்ணலயா டீச்சர்?" என்றாள். இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் பெனிட்டா பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு துண்டு முட்டையைத் திருடினாள். தன் தட்டில் இருந்ததைத் தொடவில்லை. திருட்டுக் கழுதை.

என் இரண்டு கைகளின் மேலும் நான் உட்கார்ந்திருந்தேன். மரத்துப்போய்விட்டன.

ஜூன் 24, செவ்வாய்

நான்கு வாய்.

ஜூன் 26, வியாழன்

ஒன்றுமில்லை. காய்ச்சல் மாதிரி இருந்தது. பால் நான்கு. நான்கு என்றே எழுதுகிறேன்.

ஜூன் 27, வெள்ளி

முப்புடாதி சுடலைமணியைக் கொண்டுவந்து விட்டாள். என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. திங்கட்கிழமையிலிருந்து காலையில் ஏழரைக்கே மையத்தைத் திறந்து சத்துமாவுக் கஞ்சி காய்ச்சலாம் என்று இசக்கியக்காவிடம் சொல்லியிருக்கிறேன். உப்பளத்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் வந்து குடிக்கட்டும். இதை ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்திருக்கலாம்தான். அதற்கும் ஒரு பயிற்சி வைத்திருந்தால் போயிருப்பேன்.

இன்று ஒரு தடவை காய்ச்சிப் பார்த்தோம். சுடலைமணி இரண்டு தம்ளர் குடித்தான். அவனைப் பார்த்துப் பெனிட்டா ஒன்று.

ஜூலை 1, செவ்வாய்

எடை போடும் நாள். சூப்பர்வைசர் மேடமும் வந்திருந்தார். வெயில் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, 'ம், ம்' என்று கேட்டுக்கொள்கிற ரகம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறகு நான் பெனிட்டாவின் சட்டையைக் கழற்றினேன். தராசில் ஏற்றினேன். முப்புடாதி முன்னால் வந்து எட்டிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள். "எட்டு கிலோ நூறு!"

மேடம் போனைத் தடவினார். "போன மாசம் ஒன்பதே கால்னு இருக்கு. ஒரு கிலோவுக்கு மேல குறைஞ்சிருக்கே, குழந்தைக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

பாவம், நிஜமாகவே பதறிவிட்டார். தராசு மேல் பழி போட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

"ஒண்ணும் ஆகல மேடம். இருநூறு கிராம் கூடியிருக்கா. போன மாசமும் அதுக்கு முந்தின மாசமும் நான் பொய் எடை போட்டேன்."

"பொய்யா?"

"மஞ்சள்ல இருக்கான்னு எழுதக் கை வரல."

மேடம் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டார், அறைக்குள்ளேயே. "எழுத்துல விளக்கம் கொடுங்க. மெமோ வரும்," என்றார்.

மெமோ வரட்டும். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் மஞ்சளில் எழுதிய கைதானே.

போகும்போது முப்புடாதி நின்றாள். "எம்பிள்ள எவ்வளவு டீச்சர்? கூட்டத்துல சரியாக் கேக்கல."

"எட்டு எழுநூற்றைம்பது."

"நூத்தம்பது கூடியிருக்கான்."

"ம்."

"உங்க பிள்ள இருநூறு," என்றாள். அதில் அவளுக்கு வருத்தமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அவளைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தவறு.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து சமைத்தேன். ஞானதாஸுக்கு மதிய டியூட்டி. சோறு, மீன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். பெனிட்டாவுக்குத் தனியாக ஒன்றும் செய்யவில்லை. பசி தாங்காமல் எனக்கு ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலு வாய் தின்ற பிறகுதான் உறைத்தது. நான் சாப்பிட்டு இவள் பார்த்ததே இல்லை. இவள் தூங்கிய பிறகோ, நின்றுகொண்டோ, சட்டியிலிருந்தே எடுத்தோ போட்டுக்கொள்வேன். உட்கார்ந்து வாய் மென்று நான் இவள் முன்னால் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அங்கன்வாடி டீச்சர்! இதற்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கலாம்.

பொம்மையைப் போட்டுவிட்டு வந்தாள். என் தொடையில் கை ஊன்றி நின்று என் வாயையே பார்த்தாள். நான் மென்றேன். அவள் தாடையும் அசைந்தது. வெறும் வாயை மென்றாள்.

முள் பார்த்து மீனை உதிர்த்துச் சோற்றில் பிசைந்தேன். ஒரு சின்ன உருண்டை. இடது கை தரையில் இருந்தது. அங்கேயே இருக்கச் சொன்னேன். இருந்தது.

வாயைத் திறந்தாள். உருண்டையை வைத்தேன். விரலை எடுக்குமுன் மூடிக்கொண்டாள், மூடி ஒரு கடி கடித்தாள். அம்மாடி! மேலே நாலு, கீழே நாலு, எட்டுப் பல்லும் பதிந்தது. பாலை மட்டும் குடித்துக்கொண்டு இத்தனை நாள் இதை எங்கேதான் வைத்திருந்தாளோ, பிசாசு.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரலை எடுக்கவில்லை.